நுண்துகள்மானி தவறாகக் காட்டினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னைக் கடற்கரையை ஒட்டிய சில மொட்டைமாடிகளில் பொருத்தியுள்ள நுண்துகள்மானிகளைப் பராமரித்துவரும்போது, ஒரே பழுதை வெவ்வேறு வேடங்களில் பலமுறை சந்தித்த பிறகு எழுதும் குறிப்பு இது. இங்கே மானி என்பது, காற்றில் உள்ள நுண்துகள்களை அளக்கும் பிஎம்எஸ் 5003 வகை லேசர் உணரி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் பிஎம்இ 280 உணரி, வைஃபை வசதியுள்ள நோட்எம்சியூ பலகை, 5 வோல்ட் சார்ஜர் ஆகியவை அடங்கிய சிறு பெட்டியைக் குறிக்கும். நோவா நிறுவனத்தின் எஸ்டிஎஸ் 011 உணரியை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியே சொல்லியிருக்கிறேன். துகள் அளவுகள் எல்லாம் ஒரு கனமீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில் உள்ளவை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழுது தெரிந்த நேரத்தையும், அப்போதைய பிஎம் 2.5 அளவையும் (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள்களின் அளவு), ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, மூலத் தரவைத் தொடாமல் நகல் எடுத்து வையுங்கள். தவறு என்று எண்ணி அழித்த தரவு பிறகு உண்மையான புகை என்று தெரியவந்தால், அதை மீட்க வழியே இல்லை. மல்டிமீட்டர், குட்டையான நல்ல யூஎஸ்பி கம்பி, மென்மையான ஓவியத் தூரிகை, சரியாக இயங்கும் மாற்று உணரி ஆகியவை கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

## அறிகுறி 1: தரவே வரவில்லை

### தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நின்றுபோகிறது

பள்ளி, கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் மாலை ஐந்து மணிக்கு நின்று காலை எட்டு மணிக்குத் தரவு மீண்டும் வருகிறது என்றால், காவலாளி போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார் என்று பொருள். எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் கணிசமான பங்கு இந்த ஒரு காரணத்தால் வந்தவை. மானிக்குத் தனி இணைப்பு கேட்டு வாங்குவதும், அந்த சுவிட்சின் மேல் ஒரு சீட்டை ஒட்டுவதும் போதும்.

### முற்றிலுமாக நின்றுவிட்டது

முதலில் வைஃபையின் பெயரோ கடவுச்சொல்லோ மாறியதா என்று கேளுங்கள். புதிய ரவுட்டர் மாட்டியிருந்தால், அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். நோட்எம்சியூவின் சிப் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்காது. அடுத்து, சார்ஜரின் முனையில் அல்ல, உணரியின் முனையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். நீளமான, மெலிந்த யூஎஸ்பி கம்பியில் 5 வோல்ட் 4.4 ஆகக் குறைந்துவிடும். உணரிக்கோ குறைந்தது 4.5 வேண்டும். விளக்கு எரிவதால் மின்சாரம் சரியாக இருப்பதாக எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

மின்சாரமும் வைஃபையும் சரியாக இருந்து, துகள் எண் மட்டும் வராவிட்டால், அனுப்பும் முனையும் பெறும் முனையும் இடம் மாறியிருக்கக்கூடும். மாற்றிப் பொருத்தியும் வரவில்லை என்றால் மாற்று உணரியை மாட்டிப் பாருங்கள். அதுவும் பேசவில்லை என்றால் பழுது பலகையில் உள்ளது. பலகையை மாற்றுவது அதைச் சரிசெய்வதைவிட மலிவு. பிஎம்எஸ் 5003 உணரியின் உலோகக் கூடு புவி முனையோடு இணைந்திருப்பதால், மின்சாரம் ஓடும்போது அது வேறு எந்தக் கம்பியின் மீதும் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: எண் அசையாமல் நிற்கிறது

மழை ஓய்ந்து கடற்காற்று வீசும் நாளில் பிஎம் 2.5 ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது இயல்பு. மணிக்கணக்கில் 0 என்றோ, தசமம்கூட மாறாமல் 37 என்றோ நிற்பது இயல்பல்ல.

உணரியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே உள்ள சிறு விசிறியின் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும்.

### விசிறி சுழலவில்லை

காற்று உள்ளே வராததால், தேங்கிய காற்றையே லேசர் திரும்பத் திரும்ப அளக்கிறது. பெரும்பாலும் சிலந்தி வலையோ, எறும்புகள் கொண்டுவந்து போட்ட மண்ணோதான் காரணம். ஒருமுறை பல்லி முட்டை இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நுழைவாயைத் தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் லென்சில் படியும். துடைத்த பிறகும் சுழலாவிட்டால் உணரியை மாற்ற வேண்டியதுதான். விசிறியை மட்டும் மாற்ற முயன்ற இரண்டு முறையும் லேசரின் நேர்வரிசை கலைந்தது.

### விசிறி சுழல்கிறது

உணரி மௌனமாகிவிட, பலகை கடைசியாகப் பெற்ற எண்ணையே அனுப்பிக்கொண்டிருக்கலாம். பிஎம்எஸ் 5003 ஒவ்வொரு முறையும் 32 பைட் கொண்ட ஒரு தொகுப்பை அனுப்புகிறது. அதன் கடைசி இரண்டு பைட்டுகள் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை. நிரல் அந்தக் கூட்டுத்தொகையைச் சோதிக்கிறதா, தொகுப்பு வராதபோது வெற்றிடத்தைப் பதிகிறதா என்று பாருங்கள். பழைய எண்ணைப் பதியும் நிரல், பழுதை மறைத்துவைக்கும் நிரல்.

## அறிகுறி 3: நள்ளிரவு முதல் விடியல் வரை எண் ஏறி, காலை ஒன்பது மணிக்கு மேல் இறங்குகிறது

கடற்கரை நகரங்களில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. ஒரு சாரார் விடியற்காலை மாசு என்று பதறுகிறார்கள். இன்னொரு சாரார் எல்லாம் ஈரப்பதத்தின் வேலை என்று ஒதுக்குகிறார்கள். இரண்டும் பாதிதான் சரி. லேசர் உணரி எடையை அளப்பதில்லை, துகள் சிதறடிக்கும் ஒளியை அளந்து எடையைக் கணிக்கிறது. காற்று ஈரமாகும்போது துகள் நீரை உறிஞ்சி உப்புகிறது, உப்பிய துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கிறது, மானியும் கூடுதல் எடையைச் சொல்கிறது. அதே நேரத்தில், இரவில் தரையை ஒட்டிய காற்றுப்படலம் மெலிந்து, நகரத்தின் புகை சிறிய இடத்தில் அடைபடுவதும் உண்மை. இரண்டையும் பிரித்துக் காண்பதே இங்குள்ள வேலை.

முதற்சோதனைக்குச் செலவில்லை. ஈரப்பதத்தையும் பிஎம் 2.5 அளவையும் ஒரே வரைபடத்தில் ஒரு வாரத்துக்கு வரையுங்கள். கடலுப்பில் பெரும்பங்கான சோடியம் குளோரைடு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நீர்த்துளியாகக் கரைந்துவிடும். அதற்கு மேல் கோடு செங்குத்தாக ஏறினால் ஈரத்தின் பங்கு பெரிது. ஒருமுறை கரைந்த உப்புத்துளி, ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கியவுடன் காய்ந்துவிடாது, 45 விழுக்காட்டை ஒட்டித்தான் மீண்டும் படிகமாகும். ஆகவே காலையில் ஈரப்பதம் இறங்கிய பிறகும் எண் சற்றுப் பிந்தி இறங்குவதைக் கண்டு உணரியைச் சந்தேகிக்க வேண்டாம்.

பெட்டிக்குள் உள்ள பிஎம்இ 280 சொல்லும் ஈரப்பதத்தை அப்படியே நம்பவும் கூடாது. பலகையின் சூட்டால் பெட்டியின் உள்வெப்பம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், ஈரப்பதம் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். அந்த உணரியைப் பலகையிலிருந்து விலக்கி, பெட்டியின் அடிப்பக்கத் துளைக்கு அருகே வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

அடுத்த சோதனை, அருகிலுள்ள அரசு நிலையத்தின் மணிவாரித் தரவோடு ஒப்பிடுவது. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்களின் தரவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் கிடைக்கிறது. பீட்டா கதிர் முறையில், அதாவது வடிகட்டியில் படிந்த துகள் பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து இயங்கும் கருவிகள் மாதிரிக் காற்றைச் சூடேற்றி, ஈரத்தைக் குறைத்த பிறகே எடை காண்கின்றன. விடியலில் அவையும் உயர்ந்தால் புகை உண்மை. அவை ஏறாமல் இருக்க உங்கள் மானி மட்டும் இரட்டிப்பானால் ஈரம்.

திருத்தச் சூத்திரம் தேடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சூத்திரம், மானியின் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75-ஐக் கூட்டச் சொல்கிறது. அது அமெரிக்கக் காற்றில், அமெரிக்க நிலையங்களின் அருகே வைத்துப் பெறப்பட்டது. எண்ணூரின் காற்றுக்கு அது ஏன் பொருந்த வேண்டும்? அனுமதி பெற்று, குறைந்தது ஒரு மாதம் உங்கள் மானியை நம்பகமான ஒரு நிலையத்தின் பக்கத்தில் வைத்து, உங்கள் சொந்தச் சூத்திரத்தைப் பெறுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்றும் கோடைக்கு ஒன்றுமாக இரண்டு முறை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

நுழைவாயில் சிறு சூடேற்றி பொருத்துவது கடைசி வழி. மின்செலவு கூடும் என்பதோடு, அம்மோனியம் நைட்ரேட் போன்ற எளிதில் ஆவியாகும் துகள்கள் சூட்டில் ஆவியாகிப்போய், எண் இப்போது குறைவாக வரும் அபாயமும் உண்டு. இந்த நிலைக்கு வந்தவர்கள், வளிமண்டல அறிவியல் துறை உள்ள ஒரு கல்வி நிறுவனத்தை அணுகுவதே முறை.

இடையில் ஒன்று. காலநிலை விளைவைக் கணக்கிடுபவருக்கு, உப்பிய துகள் பிழையே அல்ல. வானத்தில் சூரிய ஒளியைச் சிதறடிப்பது ஈரமான துகள்தான், உலர்த்தி எடைபோட்ட துகள் அல்ல. ஆகவே திருத்திய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்ணை அழித்தால், ஒருவருடைய பிழையை நீக்கி இன்னொருவருடைய தரவை அழித்தவர் ஆவீர்கள்.

## அறிகுறி 4: திடீரென எண் எகிறி, சில நிமிடங்களில் அடங்குகிறது

### ஒரே ஒரு பதிவு மட்டும் வானளாவ உள்ளது

65,535 போன்ற எண் ஒரே ஒரு முறை வந்தால் அது காற்றல்ல, சிதைந்த தரவு. சரிபார்ப்புக் கூட்டுத்தொகையைச் சோதிக்கும் வரியை நிரலில் சேருங்கள். ஒழுங்கில்லாமல் இரண்டு மூன்று பதிவுகள் மட்டும் எகிறினால், லேசரின் பாதையில் எறும்பு நடமாடுகிறதா என்று பாருங்கள். நுழைவாயில் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள எஃகு வலை போதும். அதற்கும் நெருக்கமான வலை விரைவில் தூசியால் அடைபட்டு, அறிகுறி 2-க்கு உங்களைக் கொண்டுபோய் விடும்.

### பத்து நிமிடமாவது நீடிக்கிறது

இது உண்மையான புகை. எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. ஒரு பள்ளியில் வேலை நாட்களில் மட்டும் முற்பகல் பதினொன்றரைக்கு எண் 200-ஐத் தொட்டது. உணரியை இரண்டு முறை மாற்றிய பிறகே, மதிய உணவுக் கூடத்தின் புகைபோக்கி மானிக்கு நேர் கீழே இருப்பதைக் கண்டோம். முதல் நாளே மாடியைச் சுற்றி ஒரு நடை நடந்திருந்தால் இரண்டு உணரிகள் மிஞ்சியிருக்கும். டீசல் ஜெனரேட்டர், குப்பை எரிப்பு, சாம்பிராணி, மாநகராட்சியின் கொசு மருந்துப் புகை ஆகியவையும் இந்த வகைதான். இவற்றில் கொசு மருந்துப் புகை நுண்ணிய எண்ணெய்த் துளிகளாக இருப்பதால், லேசருக்கு மிக அதிகமாகத் தெரியும்.

அண்டை மானிகளும் சேர்ந்து ஏறினால் காரணம் பரவலானது. 2018 ஜனவரியில் போகிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தையே முடக்கியது நினைவிருக்கலாம். அத்தகைய நாளின் தரவைத் தவறு என்று நீக்கிவிடாதீர்கள். தீபாவளி இரவில் எண் 1,000-ஐ ஒட்டித் தட்டையாகிவிட்டால், அது காற்றின் உச்சமல்ல, உணரியின் உச்சம். பிஎம்எஸ் 5003-இன் பயனுள்ள அளவெல்லை 500 வரைதான் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அதற்கு மேல் வரும் எண்ணை "500-க்கு மேல்" என்று மட்டும் எழுதுவது நேர்மை.

## அறிகுறி 5: அருகருகே வைத்த இரண்டு மானிகள் ஒத்துப்போகவில்லை

இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். வேறுபாடு இடத்தோடு தங்கிவிட்டால் பிழை இடத்தில் உள்ளது: ஒன்று சுவரோரம் இருக்கும், ஒன்று வெயிலில் இருக்கும். வேறுபாடு மானியோடு நகர்ந்தால் தொடர்ந்து படியுங்கள்.

எண் 30-க்குக் கீழே இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போய், அதற்கு மேல் மட்டும் விலகி, ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கை நெருங்குகிறதா? அப்படியானால் உணரிகள் இரண்டும் நலம். பிஎம்எஸ் 5003 ஒரே தொகுப்பில் இரண்டு விதமான எண்களை அனுப்புகிறது, முதல் மூன்று தொழிற்சாலைத் தரப்படுத்தல்படி, அடுத்த மூன்று திறந்தவெளிக் காற்றுக்கானவை. ஒரு நிரல் முதலாவதையும் மற்றது இரண்டாவதையும் எடுக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றை எல்லா மானிகளுக்கும் பொதுவாக வைத்து, எது என்று தரவோடு எழுதிவையுங்கள்.

எல்லா அளவிலும் விலகல் இருந்தால், அறைக்காற்றுச் சுத்திகரிப்பானின் வெளிவாய்க்கு எதிரே இரண்டையும் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். நல்ல உணரி 0-க்கும் 2-க்கும் இடையே நிற்கும். 8 அல்லது 10-இல் நிற்பது உள்ளே தூசி படிந்தது. தூரிகையால் துடைத்தும் இறங்காவிட்டால் மாற்றுங்கள். எஸ்டிஎஸ் 011-இன் லேசருக்கு 8,000 மணி நேர ஆயுள் என்று தயாரிப்பாளர் சொல்வதால், இடைவிடாமல் ஓடினால் அது சுமார் 333 நாட்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, அரை நிமிடம் நிலைபெற விட்டு, அளந்து, மீண்டும் உறங்கவைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

## அறிகுறி 6: அரசு நிலையத்தின் எண்ணோடு பொருந்தவில்லை

உணரியைக் கழற்றும் முன், நீங்கள் ஒப்பிடுவது ஒரே பொருளைத்தானா என்று பாருங்கள். செயலிகளில் வருவது காற்றுத் தரக் குறியீடு, உங்கள் மானியில் வருவது மைக்ரோகிராம். இந்தியக் குறியீட்டில் பிஎம் 2.5 அளவு 30 என்றால் குறியீடு 50, 60 என்றால் 100, 90 என்றால் 200, 120 என்றால் 300. மேலும் குறியீடு 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. உங்கள் திரையில் இருப்பதோ இந்த நிமிடத்தின் எண். பொருந்தவில்லை என்று வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும்.

உச்சங்கள் இருக்கின்றன, ஆனால் நேரம் பொருந்தவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். காலை எட்டு மணிப் போக்குவரத்தின் உச்சம் அதிகாலை இரண்டரை மணிக்குத் தெரிந்தால், தரவு கிரீன்விச் நேரத்தில் பதிவாகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். இதே பிழையோடு பல மாதத் தரவை வைத்துக்கொண்டு, நகரம் நள்ளிரவுக்குப் பிறகே அதிகம் மாசுபடுகிறது என்று ஒரு மாணவர் முடிவுரை வரை எழுதிவிட்டார்.

10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் அளவான பிஎம் 10 மட்டும் மிகக் குறைவாக, எப்போதும் பிஎம் 2.5-ஐ ஒட்டியே வந்தால் அது பழுதல்ல. சாலை மண், கட்டுமானத் தூசி போன்ற பருத்த துகள்களை இந்தச் சிறு விசிறியால் சரியாக இழுக்க இயலாது, லேசரும் அவற்றைச் சரியாக எண்ணாது. இந்த மானியின் பிஎம் 10 எண்ணை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

பழுது பெரிய கருவியின் பக்கமும் இருக்கலாம். பீட்டா கதிர்க் கருவியைப் பராமரிக்கும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், தொடர்ந்து எதிர்மறை எண்ணோ தாறுமாறான எண்ணோ வரும்போது முதலில் வடிகட்டிப் பட்டையில் பதிந்த வட்டங்களைப் பாருங்கள். விளிம்பு கலங்கியோ ஓட்டை விழுந்தோ இருந்தால், பட்டையை அழுத்தும் மூக்கில் அழுக்கு சேர்ந்து காற்று கசிகிறது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பிறகு காற்றோட்டம் நிமிடத்துக்கு 16.7 லிட்டராக உள்ளதா என்று ஓட்டமானியால் சரிபாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே கார்பன் 14 கதிர்மூலம் இருப்பதால், அந்தப் பகுதியைத் திறப்பது பயிற்சி பெற்ற சேவைப் பொறியாளரின் வேலை.

## அறிகுறி 7: தரையில் எண் குறைவு, ஆனால் வானம் மங்கல், செயற்கைக்கோள் ஒளித்தடிமன் அதிகம்

மானி தன் மூக்கருகே உள்ள காற்றை அளக்கிறது, செயற்கைக்கோள் சொல்லும் ஒளித்தடிமனோ, தரைமுதல் மேல்வரை உள்ள முழுக் காற்றுத் தூணின் துகள்களும் சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவு. 1999-இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, துணைக்கண்டத்திலிருந்து கிளம்பிய பழுப்பு மூட்டம் கடலின் மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருந்ததைக் காட்டியது. அத்தகைய படலம் தலைக்கு மேல் கடந்துபோகும்போது, தரையில் கடற்காற்று தூய்மையாக வீசலாம். இரண்டு கருவிகளும் சரியாக இருந்தே முரண்படும் நிலை இது.

அடுத்து மேகம். படத்தில் மெல்லிய மேகம் துகளாகக் கணக்கிடப்பட்டதா என்று, அதே நாளின் சாதாரண வண்ணப் படத்தைத் திறந்து பாருங்கள். தரையிலிருந்து சூரியனை நோக்கி ஒளித்தடிமனை அளக்கும் ஏரோநெட் வலையமைப்பின் தரவைப் பயன்படுத்துவோர், மேகம் நீக்கப்படாத 1.0 நிலையை விடுத்து 1.5 அல்லது 2.0 நிலையை எடுக்க வேண்டும்.

உங்களிடமே அவ்வகைக் கருவியான சூரிய ஒளிமானி இருந்தால், ஒரு நாள் முழுவதற்குமான ஒளித்தடிமனை வரையுங்கள். தெளிவான நாளில் அது காலையிலும் மாலையிலும் தாழ்ந்து, உச்சிவேளையில் சீராக உயர்ந்து, நாள்தோறும் அதே வடிவில் திரும்பினால், லென்சில் தூசியோ ஒளிக்குழலில் சிலந்தி வலையோ உள்ளது. இந்தப் பிழையின் அளவு, ஒளி கடக்கும் காற்றின் தடிமனால் வகுபடுவதால், சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போதுதான் மிகப் பெரிதாகும். குழலைக் கழற்றிச் சுத்தம் செய்தும் வடிவம் மாறவில்லை என்றால், வடிகட்டிகள் வயதாகி அளவுத்திருத்தம் நகர்ந்துவிட்டது.

அந்த நிலையில் நீங்களே ஒரு திருத்த எண்ணைப் போட்டுச் சமாளிக்க முயலாதீர்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீடு, 1750 முதல் 2019 வரை ஏரோசால்கள் எனப்படும் காற்றுத் துகள்களின் மொத்தக் குளிர்விப்பைச் சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்று மதிப்பிட்டு, அது 0.4 முதல் 1.7 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்க உதவ வேண்டிய தரவில், கணித்து இட்ட எண்ணுக்கு இடமில்லை. கருவியை அளவுத்திருத்த மையத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது கடைசி மூன்று மாத மூலத் தரவு, சுத்தம் செய்த தேதிகள், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடங்கள் ஆகியவற்றை உடன் வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து தரவைத் திருத்த வேண்டும் என்பதை அவர்கள் அவற்றிலிருந்தே முடிவு செய்வார்கள்.